சீயமங்கலத்தில் தவறிய இரண்டு அம்புகள்

வந்தவாசி வட்டம் சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை உண்டு. அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது அதன் பழம்பெயர். பின்னால் அது கோயிலாக வளர்ந்தபோது இறைவன் தூணாண்டார் ஆனார். தூண்களையும் சிற்பங்களையும் பார்க்க வருகிறவர்கள் அங்குள்ள விளக்குக் கொடைச் சாசனங்களைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறார்கள். 1900இல் அரசுக் கல்வெட்டுத் துறை படியெடுத்து, கல்வெட்டறிஞர் வெங்கையா ஆங்கிலத்தில் சுருக்கம் தந்த அந்தச் சாசனங்களில் இரண்டு, பக்தியால் எழுந்தவை அல்ல. அம்பு தவறியதால் எழுந்தவை.

முதலாவதன் செய்தி இது. ஒருவன் தன் ஊர்க்காரன் ஒருவனைத் தவறுதலாக எய்து கொன்றுவிடுகிறான். அந்தப் பகுதியின் அதிகாரியும் நாட்டு மக்களும் கூடுகிறார்கள். கவனக்குறைவால் நேர்ந்த பிழை. இதற்காக இவன் சாக வேண்டாம், தூணாண்டார் கோயிலில் ஒரு விளக்கு எரிக்கட்டும் என்று முடிவாகிறது. அவன் 16 பசுக்கள் தருகிறான். இரண்டாவதில், வேட்டைக்குப் போன ஒரு சூத்திரன் குறி தப்பி ஒரு வெள்ளாளனை எய்துவிடுகிறான். 79 நாட்டு உழவர் பெருமக்கள் கூடி அவனைக் குற்றவாளி என்கிறார்கள். இங்கே 64 பசுக்கள், இரண்டு விளக்குகள்.

இவ்வகைச் சாசனங்களைப் பற்றி எழுதுகிற எவரும் நீலகண்ட சாஸ்திரியாரைத் தொடாமல் போக முடியாது. 1935-37இல் வந்த ‘சோழர்கள்’ நூலில் அவர் நிறுவிய பார்வைதான் இன்றைய பாடநூல் வரை வந்திருக்கிறது: சோழர் கால நீதி, வேண்டுமென்று செய்த கொலையையும் கைப்பிழையையும் பிரித்துப் பார்த்தது, தண்டனையில் வியப்பூட்டும் மென்மை இருந்தது, உயிருக்கு ஈடாக விளக்கு போதுமென்றிருந்தது. இதில் முதற்பகுதியோடு எனக்குச் சண்டை இல்லை. நோக்கத்தை எடைபோட்டார்கள் என்பது கல்லிலேயே இருக்கிறது. ‘மென்மை’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லை எழுதியவர் சாஸ்திரியார் என்பதைவிட, அவருக்கு முன்னால் விரித்துக் கிடந்த பிரிட்டிஷ் இந்தியத் தண்டனைச் சட்டம் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1860இன் சட்டத்தை அளவுகோலாக வைத்தால் விளக்கு மென்மையாகத்தான் தெரியும். சீயமங்கலத்தில் கூடியவர்களிடம் அந்த அளவுகோல் இல்லை.

அவர்களிடம் எது இருந்தது? முதல் சாசனத்தின் எதிர்மறையைக் கவனிக்க வேண்டும். ‘சாக வேண்டாம்’ என்று ஒரு சபை கூடிச் சொல்லிக் கல்லில் வெட்டுகிறது என்றால், அவன் சாக வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அல்லது அவன் செத்துவிடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். யாரும் நினைக்காத தண்டனையை யாரும் விலக்க மாட்டார்கள். அப்படியானால் சபையின் வேலை, குற்றத்துக்கு விலை சொல்வதைவிட, அடுத்த அம்பு பறக்காமல் தடுப்பது. எய்தவனும் பட்டவனும் ஒரே ஊர். இரண்டு வீட்டாரும் மறுநாள் ஒரே ஏரியில் தண்ணீர் எடுக்க வேண்டும். பகைவன் எய்திருந்தால் பழி தீர்க்கலாம். நம்மாள் எய்தால் யாரிடம் தீர்ப்பது? இந்தச் சிக்கலுக்குத்தான் கோயில் நடுவே வருகிறது. ஈடு இறந்தவன் வீட்டுக்குப் போகவில்லை, அரசனுக்கும் போகவில்லை.

எண்களும் மென்மை வாதத்துக்கு உதவவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு; நாளுக்கு உழக்கு நெய். தொண்டை மண்டலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 32 பசு என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. இரண்டாம் சாசனத்தின் 64 பசுவும் இரண்டு விளக்கும் இந்த அளவில் கச்சிதமாக உட்காருகின்றன. முதல் சாசனத்தின் 16 பசுவோ அதில் சரிபாதி. ஒரே கோயில், ஒரே வகைப் பிழை. ஈடு மட்டும் நான்கு மடங்கு வேறுபடுகிறது. கருணைதான் காரணம் என்றால் அது ஏன் ஆளுக்கு ஆள் அளந்து ஊற்றப்பட்டது?

என் விடை கூடியவர்கள் யார் என்பதில் இருக்கிறது. முதல் வழக்கில் அதிகாரியும் அந்த நாட்டு மக்களும். இரண்டாவதில் 79 நாட்டு உழவர்கள். சித்திரமேழிப் பெரியநாட்டார் என்று வேறு சாசனங்களில் பெயர் பெறும் பேரவை. பட்டவன் வெள்ளாளன், தீர்ப்புச் சொன்னவர்களும் ஏர் பிடித்தவர்கள். பட்டவனின் ஆட்களே நீதிபதிகளாக உட்கார்ந்த இடத்தில் ஈடு ஏறியிருக்கிறது. இதற்கு ஒரு தடை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. வெள்ளாளரும் வருணக் கணக்கில் சூத்திரரே. ஆகவே ‘சூத்திரன்’ என்ற சொல்லை வைத்து எய்தவன் கீழ்நிலையினன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சாதிப் படிநிலை பற்றிய என் வாதம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. பேரவை பற்றிய வாதம் அப்படித் தொங்கவில்லை.

காலம்? 79 நாட்டார் என்ற அமைப்பு 11ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகுதான் சாசனங்களில் வலுவாகத் தென்படுகிறது. எனவே இரண்டாவதைச் சோழராட்சியின் பிற்பகுதியில் வைக்கலாம். முதலாவதைச் சற்று முந்தியதாக வைத்தால், ஒரு நாட்டளவில் முடிந்த வழக்கு பேரவைக்கு ஏறியது என்று அழகான வளர்ச்சிக் கதை ஒன்று கிடைக்கும். அழகாக இருப்பதாலேயே அதை நம்பத் தயங்குகிறேன்.

சீயமங்கலம் இருக்கும் மாவட்டத்தின் மறுகோடிக்கு வருவோம். 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்களில் அம்பு ஏராளம். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய்ப் பட்டவன் கல், தொறு கொள்ளப் போய்ப் பட்டவன் கல். வில்லும் வாளுமாக வீரன் நிற்கிறான், சிலவற்றில் உடலில் அம்பு தைத்திருக்கிறது. இருட்டில் மாட்டு மந்தைக்கு நடுவே இரு தரப்பும் கலந்து எய்த சண்டைகளில், சொந்தக்காரன் அம்பு பட்டுச் செத்தவன் ஒருவன்கூட இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ‘பட்டான்’ என்ற வினை எய்தவனைக் கேட்பதில்லை. போரில் பட்டால் எவன் அம்பாயினும் வீரன்தான். வேட்டையில் பட்டால்தான் எய்தவனுக்கு முகம் வருகிறது. செங்கத்தில் பசுவுக்காக ஆள் செத்தான், கல் கிடைத்தது. சீயமங்கலத்தில் ஆளுக்காகப் பசு கொடுத்தார்கள், விளக்கு கிடைத்தது.

இந்தக் கேள்வியில் நான் விழுந்ததற்குக் காரணம் கல்வெட்டு அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடலாம். அடி அண்ணாமலையில் என் வீட்டுத் திண்ணையில் விடுமுறைக்கு வந்த பையன்கள் பகடை உருட்டி ஆடிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் காரணம். அரக்கனோடு கைகலந்து நிற்கும் நண்பனைத் தாண்டி வில்லாளி எய்கிறான். நண்பன் மேல் பட்டால் என்ன என்று கூச்சல். விதிப்புத்தகங்களைப் புரட்டியபோது ஒரு சிறு வரலாறே கிடைத்தது. 1979இல் கேரி கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் நூலில், கலந்து நிற்பவர்களுக்குள் எய்தால் யார் மேல் படும் என்பதை ஆட்களின் எண்ணிக்கையையும் உருவத்தையும் வைத்துப் பகடையே முடிவு செய்யும். நண்பன் தப்புவது அதிர்ஷ்டம். 2000இன் மூன்றாம் பதிப்பில் எய்பவனுக்கு 4 புள்ளி குறைப்பு. பயிற்சி பெற்றவனுக்கு அதுவும் இல்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பில் நடுவே நிற்கும் நண்பன் எதிரிக்கு அரைமறைப்பு. எதிரியின் காப்பெண்ணில் 2 கூடும், அவ்வளவுதான். மறைப்பாக நிற்பவன் மேல் அம்பு படுவது விருப்ப விதியாக ஒதுங்கிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளில் நண்பன் உடம்பாக இருந்து சுவராக மாறிவிட்டான்.

நான் பார்த்த எந்தப் பதிப்பிலும் அம்பு பட்ட பிறகு என்ன என்பதற்கு விதி இல்லை. எய்தவனும் பட்டவனின் கூட்டாளிகளும் அடுத்த நாள் எப்படிச் சேர்ந்து நடப்பது? சீயமங்கலத்தார் தொடங்கியதே அங்கிருந்துதான்.

ஒரு விஷயம் மட்டும் என் வாசிப்புக்கு எதிராக நிற்கிறது. இத்தகைய கொடைகளில் பசுக்களைப் பொதுவாக இடையர் ஏற்று, நெய் அளப்பார். மந்தை ‘சாவா மூவா’ மந்தை, எண்ணிக்கை குறையாமல் காப்பது அவர் பொறுப்பு. அப்படியானால் எய்தவனின் கடமை பசுவை ஒப்படைத்த அன்றே முடிந்துவிடுகிறது. இறந்தவனுக்காக எரியும் விளக்குக்கு நாள்தோறும் நெய் கொண்டு வந்தவன், அந்த அம்போடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இடையன்.