எம்டன்: போர் தந்த சொல்

அஞ்சத்தக்க சூழ்ச்சியுடையவனை ‘எம்டன்’ என்னும் வழக்குக் கடற்கரை ஊர்களோடு நின்றதன்று. ஆலத்தியூர் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் கேட்டிருக்கிறோம். (அரியலூர் வட்டாரமே பண்டு கடல் பரந்திருந்த நிலம் என நிலநூலார் கூறுவர், அஃது இவண் வேண்டா.) கப்பற்பெயர் குணப்பெயரானது எங்ஙனம்?

1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் வான் முல்லர் தலைமையில் வந்த செருமானியப் போர்க்கப்பல் எம்டன், சென்னையிலிருந்த பர்மா எண்ணெய்க் கும்பினியின் தொட்டிகளைக் குண்டெறிந்து எரித்தது. மக்கள் பலர் நகரைவிட்டு அகன்றனர். நகரைக் கைப்பற்றுதல் அதன் நோக்கமன்று. எண்ணெயை அழித்தலும் அச்சம் விளைத்தலுமே நோக்கம். அக்கப்பலும் நிலக்கரியின்றி இயங்காது. வணிகக் கப்பல்களைக் கவர்ந்து கரி பெற்றது. பகைவரை மயக்கப் பொய்ப் புகைபோக்கி ஒன்றையும் தாங்கியது. நவம்பர் 9-இல் கொக்கோசுத் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கப் புகுந்தபோது, அந்நிலையம் விடுத்த செய்தி ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியை அங்குக் கொணர்ந்தது; எம்டன் சிதைந்தது.

போரை முடித்த வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் பெயரோ நம் பேச்சு வழக்கிற் புகவில்லை. அது செய்யப்பட்ட முறையே காரணம் எனக் கருதுகிறோம். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று கோவூர்கிழார் உரைத்தது போன்ற சந்து அன்று அது. 1919 மே 7-இல் எழுதி முடிந்த நிபந்தனைகளே செருமானியர் கையில் தரப்பட்டன. அவர்தம் மறுப்பும் எழுத்திலேயே அமையவேண்டுமென விதித்தனர். ஜூன் 28-இல் இந்தியாவின் பெயரால் ஒப்பமிட்டவர் இருவர்: ஆங்கில அமைச்சர் மாண்டேகு, பிக்கானீர் மன்னர் கங்காசிங். இந்திய மக்கள் தேர்ந்தனுப்பியவர் அவருள் எவருமிலர்.