கண்டல் பட்டையும் நானிட்ட தலைப்பும்

வடமராட்சிக் கரையில் நான் சிறுவனாயிருந்த காலத்தில், பருத்தி நூல் வலைகளுக்குக் கண்டல் பட்டைச் சாயம் ஏற்றுவார்கள். கிடாரத்தில் பட்டையை அவித்து, அந்தச் செந்நிறச் சாற்றில் வலையைத் தோய்த்தெடுத்தால் நூல் உப்பு நீரில் எளிதில் உக்காது. நைலோன் வலை வந்தபின் கிடாரங்கள் மறைந்தன.

சாயத்தைத் தருவது தனின். அதே பட்டையில் பல்சக்கரைட்டு எனப்படும் நீண்ட வெல்லச் சங்கிலிகளும் உள்ளன. இரண்டையும் பிரிப்பதே ஆய்வுகூடத்தின் பெருந்தொல்லை. பட்டைத் தூளைச் சுடுநீரிலோ காரக் கரைசலிலோ ஊறவைத்து வடித்து, வடிநீரில் அற்ககோல் சேர்த்தால் பல்சக்கரைட்டு வீழ்படிவாகும். தனினின் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிடும். வீழ்படிவைத் தூய்மைசெய்து, அமிலத்தாற் சிதைத்து, எந்தெந்த வெல்லங்கள் எந்த விகிதத்தில் உள்ளன என்று அளப்பர். எங்களூர்க் கிடாரத்தில் முதற்படி மட்டும் நாள்தோறும் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது!

1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், டெக்ஸ்திரான் சல்பேற்று என்னும் பல்சக்கரைட்டு எச்.ஐ.வி. வைரசைச் சோதனைக் குழாயில் தடுப்பதாக அறிவித்தனர். எதிர்மின்னேற்றமுள்ள சங்கிலி வைரசின் மேலுறையிற் பற்றிக்கொள்ள, வைரசு கலத்தில் ஒட்ட இயலாது போகிறது. ஆயின் வாய்வழி உட்கொண்டால் அது இரத்தத்தில் அரிதாகவே சேர்ந்தது. இரத்த உறைதலையும் தாமதப்படுத்தியது.

இந்தப் பின்னணியிலேதான் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வு மையத்தின் கதிரேசன், பிரேமநாதன் ஆகியோர் ஜப்பானியருடன் சேர்ந்து கண்டற் தாவரங்களை ஆராய்ந்தனர். கண்டல் இனமொன்றின் இலைப் பல்சக்கரைட்டு வைரசைத் தடுத்ததென்றும், இரத்த உறைதலைப் பாதிக்கவில்லை என்றும் 1999இல் எழுதினர். இன்னோர் இனத்தின் பட்டையிலும் அத்தகைய பொருளைக் கண்டனர். மேலும் ஆராயத்தக்கது என்பதற்கு அப்பால் அவர்கள் எதையும் கூறவில்லை.

கூறியவன் நான். செய்தி மேசையில் அன்றிரவு என் கையிலிருந்த நாலு வரிச் செய்திக்கு, "எயிட்சுக்கு மருந்து கண்டல் மரத்தில்" என்று தலைப்பிட்டேன். 'சோதனைக் குழாயில்' என்ற சொல் இடம் போதாமல் வெட்டுப்பட்டது. மூன்றாம் நாள் ஒரு முதியவர் அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்கு என்றார், பட்டையை எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று கேட்டார். ஐயா, அது இன்னும் மருந்தாகவில்லை என்றேன். அப்படியானால் ஏன் போட்டீர்கள் என்றார்.

2007இல் செலுலோசு சல்பேற்றுக் களிம்பைப் பெண்களிடம் பரிசோதித்த பெரும் ஆய்வு, பயனளிக்காததோடு தொற்றைக் கூட்டக்கூடும் என்ற ஐயத்தால் இடைநிறுத்தப்பட்டது. கண்டலிலிருந்து எயிட்ஸ் மருந்து எதுவும் இன்றளவும் வரவில்லை. 2007இன் செய்தியை ஒற்றைப் பத்தியில், உட்பக்கத்தில் வெளியிட்டோம். முதியவர் அதைப் படித்திருப்பாரோ, அறியேன்.