காவலும் உரிமமும்: பாகாலாச் சீமையில் தற்காப்பாயுதம் வந்த வழி

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் தர்மாவரத்துக் கிளை பிரிகிற சந்திப்பாகவே பாகாலாவைப் பிரயாணிகளில் பலர் அறிவார்கள். ஆனால் தண்டவாளம் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அப்பெயர் ஒரு பாளையத்தின் பெயராக இருந்தது என்பதும், நாரகண்டி, கல்லூர், புலிச்செர்லா, பங்காரி, தும்பா, மொகரால முதலியவற்றோடு சேர்த்து வட ஆர்க்காட்டு மேற்குப் பாளையங்களில் ஒன்றாக அது எண்ணப்பட்டது என்பதும் இன்று அவ்வூர்ச் சந்தையில் மாம்பழம் விற்பவர்களுக்கும் மறந்துபோன சங்கதிகள். திருடனுக்கு அஞ்சும் குடியானவன் தன் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அவன் பிறப்புரிமையா, ராஜாங்கம் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையா என்ற வாதம் எழும்போதெல்லாம், 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பில் ஏறிய இரண்டாம் திருத்தத்தையே நம்மவர் மேற்கோளாகக் காட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? இச்சீமையின் சரித்திரமே அக்கேள்விக்கு வேறொரு விடை வைத்திருக்கிறது.

சித்தூர்ச் சீமையின் மேற்குப் பகுதிகளில், புங்கனூர், மதனப்பள்ளிப் பக்கங்களில், பாணர் காலத்தும் வைதும்பர் காலத்தும் நட்ட வீரகற்கள் கிடைத்திருக்கின்றன. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு அவை எடுக்கப்பட்டன; அவற்றில் பொறித்த உருவங்கள் வில்லோடும் வாளோடும் நிற்கின்றன. கொள்ளையை எதிர்த்து ஆயுதம் எடுப்பது இந்நாட்டில் நேற்று முளைத்த எண்ணம் அன்று. ஆனால் கல் பெற்றவன் பெரும்பாலும் தன் கொட்டிலைக் காத்தவன் அல்லன், ஊர் நிரையை மீட்டவன். இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

துப்பாக்கி என்ற சொல்லோ துருக்கியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் புறப்பட்டுத் தக்கணத்தின் வழியாக வந்து, தெலுங்கில் துபாகி என்றும் தமிழில் இன்றைய உருவிலும் நிலைத்தது. பொருளும் சொல்லோடு வந்தது. பாகாலாவுக்கு அருகிலுள்ள தாமலச்செருவுக் கணவாயில் 1740 மே 20-ஆம் நாள் ரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஹைதர் அலி சித்தூருக்கு அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் உயிர் துறந்தார். இவ்விரு சம்பவங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், சேனைகள் மாறி மாறி மிதித்துச் சென்ற இச்சீமையில், கலைந்த சிப்பாயும் கொள்ளைக்காரனும் ஒருவனே ஆகிவிட்ட நாட்களில், குடிகளின் உயிரையும் உடைமையையும் காத்தவர் நவாபும் அல்லர், கிழக்கிந்தியக் கம்பெனியும் அன்று; காவல்தான் காத்தது.

காவல் என்பது இங்கே தொழிற்பெயராக மட்டும் நில்லாது ஒரு ஸ்தாபனத்தின் பெயராகவே விளங்கியது. ஊருக்குள் தலையாரி இருந்தான். தெலுங்கில் அவனே தலாரி. அவனுக்கு மேல் பாளையக்காரர், தம் கட்டுக்காவலர்களைக் கொண்டு பல ஊர்களையும் வழிகளையும் கணவாய்களையும் பார்த்துக்கொண்டு, அதற்காகக் களத்திலே தானியமாகவும் கையிலே பணமாகவும் காவற்கூலி வாங்கினார். இக்கூலிக்கு ஒரு நிபந்தனை உண்டு: களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் அதன் பெறுமானத்தைக் காவற்காரனே ஈடு செய்ய வேண்டும். திருட்டுக் கொடுத்தவனுக்கு நஷ்டத்தைக் கட்டும் போலீஸ் இலாகா உலகில் எங்கேனும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் தவறு. கூலி கொடாத ஊரில் காவற்காரனே களவை ஏவிவிட்டான் என்ற புகார் கம்பெனி உத்தியோகஸ்தர்களின் கடிதங்களில் ஓயாமல் ஒலிக்கிறது, அதில் உண்மை இல்லாமலும் இல்லை. எவ்வாறாயினும், வேல், வாள், திரி வைத்துச் சுடும் துப்பாக்கி ஆகிய ஆயுதங்கள் கூலி பெற்றவனிடம் கடமையின் அடையாளமாக இருந்தனவேயன்றித் தனிமனிதன் தன் பாத்தியதையாகப் பாராட்டிய பொருளாக இருக்கவில்லை.

1801 ஜூலை 31-ஆம் தேதி உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடக ராஜ்யத்தின் நிர்வாகம் கம்பெனியின் கைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் பிறப்பித்த பிரகடனம் தெற்கே திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் சீமைகளில் ஆயுதம் தாங்குவதை ஒழித்தது. வடக்கே அப்படியொரு பிரகடனத்தின் இடிமுழக்கம் கேட்கவில்லை. ஸ்ட்ராட்டன் என்ற கலெக்டர் வந்தார், கணக்குக் கேட்டார். காவல் உரிமையைப் பற்றியும் கப்பத்தைப் பற்றியும் எழுந்த பிணக்கு முற்றி, 1804-ஆம் ஆண்டளவில் சித்தூர்ப் பாளையங்கள் கிளர்ந்தெழ, துருப்புகள் காட்டுக்குள் அனுப்பப்பட்டு அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடக்கியது பெரிய சங்கதியன்று. அதன் பின் நேர்ந்ததே கவனிக்கத்தக்கது. காவற்கூலி மறைந்தது, ஈடு செய்யும் கடமையும் அதனோடு மறைந்தது. இடையில் வந்த, தாரோகா என்ற சம்பளப் போலீஸ் அதிகாரிகளின் முறை நிலைக்கவில்லை. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ரெகுலேஷன் தாமஸ் மன்றோவின் அபிப்பிராயத்தைத் தழுவி ஊர்த் தலைவனையும் தலையாரியையும் மீண்டும் போலீஸ் ஏற்பாட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை ராஜதானிக்கு இன்றைய போலீஸைத் தந்தது.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததைச் சரித்திரக்காரர் போதுமான அளவு வியக்கவில்லை என்பது என் எண்ணம். 1860-இல், ஒரே சட்டசபையிலிருந்து, இரண்டு சட்டங்கள் வெளிவந்தன. ஒன்று இந்திய தண்டனைச் சட்டம். மற்றொன்று அவ்வாண்டின் 31-ஆம் எண்ணுள்ள ஆயுதச் சட்டம். முன்னதன் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையை விரிவாக அங்கீகரித்தன: இராக் காலத்தில் கன்னமிட்டு வீடு புகுவோனையும், கொள்ளையடிப்போனையும், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்போனையும் தடுக்கும்போது அவன் உயிர் போயினும் குற்றமில்லை என்றன, ஆனால் அதிகாரிகளின் உதவியை நாடுவதற்கு அவகாசம் இருந்தால் அவ்வுரிமை இல்லை என்றும் 99-ஆம் பிரிவு வேலி கட்டியது. 1837-இல் அச்சட்டத்தின் நகலை எழுதிய மெக்காலே, இந்நாட்டு ஜனங்களிடம் எதிர்த்து நிற்கும் ஆண்மை குறைந்துவிட்டது, அதை வளர்க்க வேண்டும் என்ற கருத்தினராய் இப்பகுதியைத் தாராளமாக அமைத்தார். பின்னதோ, 1857-இன் கலக்கம் தீராத மனத்தோடு, அந்த எதிர்ப்புக்கு வேண்டிய கருவியை ராஜாங்கத்தின் அனுமதிக்குள் அடக்கியது. கையை ஓங்கலாம் என்றது ஒரு சட்டம். ஓங்கும் கையில் என்ன இருக்கலாம் என்பதைக் கலெக்டர் சொல்லுவார் என்றது மற்றொன்று. இன்றுவரை நம் நாட்டில் தற்காப்பைப் பற்றிய வழக்குகள் யாவும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சந்திலேதான் நடக்கின்றன.

வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம் அந்தச் சந்தை இன்னும் குறுக்கிற்று. அதில் உறுத்தியது உரிமம் அன்று, பேதம். ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு விண்ணப்பம். மேற்கே குடகர்களுக்கு 1861 முதல் விலக்கு இருந்தது. அது விசுவாசத்துக்குக் கிடைத்த வெகுமதி. பாளையக்காரரின் பேரர்களுக்கோ அப்படி எதுவும் வாய்க்கவில்லை. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் விபின் சந்திர பாலர் அச்சட்டத்தைக் கண்டித்துப் பேசினார். 1930-இல் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் பிரஜைகளின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சையின் ஆசாரியர் இதைக் கேட்டார் என்று வியப்பவர்கள், அவர் கேட்டது துப்பாக்கியை அன்று, அதைக் கொடுக்கும் அதிகாரத்தை என்பதைக் கவனிக்கவில்லை. 1931-இல் காங்கிரஸின் கராச்சித் தீர்மானத்தின் திருந்திய உருவிலும் ஆயுதம் தாங்கும் உரிமை ஏறியது. ஆயினும் 1948 டிசம்பரில் அதை அரசியலமைப்பில் சேர்க்கும்படி எச். வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தபோது, ஒவ்வொருவனும் கடைவீதிக்குப் போய்த் தடையின்றி ஆயுதம் வாங்கலாமானால் ராஜ்யம் நடைபெறுவது எங்ஙனம் என்ற கருத்துப்பட அம்பேத்கர் மறுத்தார், திருத்தம் தோற்றது. கூட்டம் கூடும் உரிமையை வழங்கிய 19-ஆவது பிரிவு, ஆயுதமின்றி என்ற சொல்லையும் உடன் வைத்தது.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் 13-ஆம் பிரிவில் இச்சீமையைக் கண்முன் வைத்து எழுதினாற்போன்ற ஒரு வாசகம் உண்டு: பாதுகாப்புக்கோ வேட்டைக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கி கேட்பவனுக்கும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் குடியானவனுக்கும் உரிமம் வழங்க வேண்டும் என்பது அது. பாகாலாவைச் சூழ்ந்த மலையடிவாரங்களில் வேர்க்கடலையும் கரும்பும் விளைகின்றன. இரவில் காட்டுப்பன்றி இறங்குகிறது. ஆகவே இப்பக்கத்துக் குடியானவன் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லுவது அநேகமாக அந்த வாய்வழித் துப்பாக்கியைத்தான். குழலில் மருந்தைக் கொட்டி, தென்னை நாரை அடைத்து, ரவையைப் போட்டு, கோலால் இடித்து, கேப்பைப் பொருத்திய பிறகே அது ஒரு முறை வெடிக்கும். அத்தனை சாங்கியமும் முடியும்வரை எந்தத் திருடன் வாசலில் நிற்பான்? பன்றியை வெருட்ட ஓசை போதும். ஒரு காலத்தில் மனிதக் கள்வனுக்காகக் காவற்காரன் தாங்கிய ஆயுதம், இரண்டு நூற்றாண்டுகளில் நாலுகால் கள்வனுக்காக மட்டும் இச்சீமையின் வயல்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அப்பன்றியும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் நிழலில் நிற்பதால், அதைக் கொல்லுவதற்கு வேறோர் அனுமதியும் வேண்டும்.

உரிமமில்லாத ஆயுதமோ இந்த நுணுக்கங்களுக்குக் காத்திருப்பதில்லை. 2015 நவம்பர் 17-ஆம் நாள் சித்தூர் மேயர் கட்டாரி அனுராதா மாநகராட்சி அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டத்தை மதிப்பவனிடம் மட்டும் ஆயுதம் இல்லாமற்போகிறதே என்று அன்று சொன்னவர்களின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் பாதுகாப்பு மிகுந்திருக்க வேண்டிய ஓர் அரசு அலுவலகத்தின் நடுவில், நொடிப்பொழுதில் நடந்து முடிந்த ஒரு செயலை, வீட்டுப் பீரோவில் கிடக்கும் உரிமத் துப்பாக்கி எவ்வாறு தடுத்திருக்கும் என்பதை அவர்கள் விளக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் தற்காப்புப் பிரிவுகள் பாரதீய நியாய சம்ஹிதையில் 34 முதல் 44 வரை எண் மாறி, பொருள் பெரும்பாலும் மாறாமல் குடியேறின. பாகாலாவும் 2022-இல் சித்தூர் மாவட்டத்தை விட்டுத் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. உரிமம் புதுப்பிக்கச் செல்லும் குடியானவனுக்கு ஏறவேண்டிய கச்சேரிப் படி மாறிற்று.

தேர்தல் அறிவிப்பு வெளியானதும் உரிமத் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவு வழக்கம்போல் வருகிறது. பாளையக்காரர் ஒருகாலத்தில் ஆள் அனுப்பிக் காத்த அதே கணவாய் வழியே, கோணிச் சாக்கில் சுற்றிய நீண்ட குழலைத் தோளில் சாத்திக்கொண்டு குடியானவன் வந்து ஒப்படைத்து, ரசீது வாங்கி மடியில் செருகிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கொல்லைக்குத் திரும்புகிறான். வாக்கு எண்ணி முடிந்து அது திரும்பக் கிடைக்கும்வரை தகர டப்பாவைத் தட்டித்தான் அவன் பன்றியை ஓட்ட வேண்டும்.