வெள்ளவத்தையின் பொருள்வளமும் குறைபாடும்

கொழும்பு மாநகரின் தென்பாகத்தே, காலி வீதியின் இருமருங்கும் பரந்துள்ளது வெள்ளவத்தை. இவ்வீதியும் கரையோரப் புகையிரதப் பாதையும் அதன் வணிகத்திற்கு உறுதுணையாயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த நூற்பு நெசவாலை தொழிலாளர் பலர்க்கு வேலையளித்தது; அரசாங்க உத்தியோகத்தராய் வந்த யாழ்ப்பாணத்தவரின் மாதச் சம்பளம் கடைகளை வளர்த்தது.

ஆயின், இவ்விரு ஊற்றுகளும் நிலைக்கவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் தமிழர்க்கு உத்தியோக வாயிலைச் சுருக்கிற்று. 1983 ஆடிக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. ஆலையும் மூடுண்டு, அந்நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி மாடிமனைகள் நிற்கின்றன. புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் மீண்டெழுந்தமைக்கு, கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பும் பணமும் ஒரு காரணமாகும்.

எனவே, வாங்கும் ஆற்றலே வெள்ளவத்தையின் வலிமை. ஆக்கும் தொழிலின்மையே அதன் குறை. வருவாய்க்குப் பிறநாட்டை எதிர்நோக்கும் சந்தை, அந்நாடு தளருங்கால் தானும் தளர்வது திண்ணம்.