கழிச்சலும் காய்ச்சலும்

தை அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால், செஞ்சியை ஒட்டிய வல்லம் ஒன்றியத்து ஊர்களில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு பயம் பிடித்துக்கொள்ளும். நேற்றுவரை எருக்குழியைக் கிளறிக்கொண்டிருந்த கோழி இன்று இறக்கையைத் தொங்கவிட்டுச் சுவரோரம் நின்று தூங்கும். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். இரண்டொரு நாளில் ஒன்று விழும், பிறகு கூண்டே காலியாகும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டும் கழுத்தை முறுக்கிக்கொண்டு, இரையைக் கொத்த முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். "கழிச்சல் வந்துடுச்சு" என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். வெள்ளைக்கழிச்சல் என்றும், மருந்தகத்தில் ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் நோய் அது.

பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இதே கோலத்தில்தான் வருகிறது. கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, தலை வீங்குவது, காலில் இரத்தப் புள்ளிகள் தோன்றுவது, ஒரு குறியும் காட்டாமல் திடீரென்று சாவது ஆகியவை அதில் அதிகம் என்று பாடநூல்கள் பிரித்துக் காட்டும். வாசலில் செத்துக் கிடக்கும் கோழியில் இந்தப் பிரிவினை அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. தேர்ந்த கால்நடை மருத்துவர்கூட பார்வையால் மட்டும் முடிவு சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது என்பதை இரண்டு வைரஸ்களின் உடற்கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

குழப்பம் இன்று நேற்றையதன்று. கோழிகளை மொத்தமாக வாரிக்கொண்டுபோன ஒரு கொள்ளைநோயை 1878-இல் வட இத்தாலியில் பெரோன்சிட்டோ விவரித்தார். அது பறவைக் காய்ச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் இன்னொரு கொள்ளைநோய் வந்தபோது, பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஒரு நோயிலிருந்து பிழைத்த கோழிக்கு மற்றது தொற்றுகிறது, ஆகவே இவை வேறு வேறு என்று 1927-இல் டாயில் நிறுவினார். அதன் பிறகும் நெடுங்காலம் 'போலிக் கோழிக்கொள்ளை' என்ற பெயர் புழங்கியது. இந்தியாவில் 1928-இல் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் அது அடையாளம் காணப்பட்டு, அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. பழைய இத்தாலிய நோயின் கிருமி இன்ஃப்ளுயன்சா ஏ வகைதான் என்பது 1955-இல்தான் ஷேஃபரின் ஆய்வில் தெளிந்தது.

இரண்டும் உறவில் தள்ளியவை. பறவைக் காய்ச்சலின் இன்ஃப்ளுயன்சா ஆர்த்தோமிக்சோ குடும்பம், ராணிக்கெட் பாராமிக்சோ குடும்பம். ஆனாலும் உயிரணுவின் வாசலில் இரண்டும் தேடுவது ஒன்றையே. நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சயாலிக் அமிலம் இருக்கிறது. இரண்டு வைரஸும் அதைத்தான் பற்றுகின்றன. கோழியின் சிவப்பணுக்களிலும் இந்த அமிலம் உண்டு. அதனால் இன்ஃப்ளுயன்சா வைரஸைக் கோழி இரத்தத்தில் கலந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை 1941-இல் ஹர்ஸ்ட் கண்டார். ராணிக்கெட் வைரஸும் அதையே செய்யும். அதாவது, ஆய்வகத்தின் முதல் சோதனையிலும் இவை ஒரே முகம் காட்டுகின்றன.

புதிய வைரஸ்கள் வெளியேறும்போது அதே அமிலத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது, அதை வெட்டியாக வேண்டும். பற்றுவதையும் வெட்டுவதையும் ராணிக்கெட் ஒரே புரதத்தால் செய்கிறது. இன்ஃப்ளுயன்சா இரண்டு புரதங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எச்5என்1 என்ற பெயரில் உள்ள 'எச்' பற்றும் புரதம், 'என்' வெட்டும் புரதம்.

பற்றிய பின் உள்ளே நுழைய, வைரஸின் உறையும் உயிரணுவின் சவ்வும் இணைய வேண்டும். ராணிக்கெட் அதை வாசலிலேயே முடித்து, உயிரணுவின் சாற்றிலேயே பெருகுகிறது. இன்ஃப்ளுயன்சாவை உயிரணு விழுங்குகிறது. விழுங்கிய பையில் அமிலத்தன்மை ஏறியதும் 'எச்' புரதம் உருமாறிச் சவ்வைத் துளைக்கிறது, சரக்கு உட்கரு வரை போகிறது.

இந்த இணைப்பு நிகழ ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒப்பீட்டின் உயிர்நாடி என்று நான் கருதுவது அதைத்தான். இன்ஃப்ளுயன்சாவின் 'எச்' புரதமும் ராணிக்கெட்டின் 'எஃப்' புரதமும் முழு நீளமாகச் செய்யப்படும்போது செயலற்றவை. குறித்த ஓரிடத்தில் அவற்றை வெட்டினால்தான் வேலை செய்யும். வெட்டும் நொதி வைரஸிடம் இல்லை, கோழியின் உடலில்தான் இருக்கிறது. வெட்டிடத்தில் ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலம் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால், மூச்சுப்பாதையிலும் குடலிலும் சுரக்கும் டிரிப்சின் வகை நொதிகளால்தான் அதை வெட்ட முடியும். அந்த வைரஸ் அங்கேயே கிடக்கும், கோழிக்குச் சளியோடும் முட்டைக் குறைவோடும் போய்விடும். அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் வரிசையாக அடுக்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. அப்போது ஃபியூரின் என்ற நொதி அதை வெட்டும். ஃபியூரின் இல்லாத உறுப்பு உடலில் இல்லை. மூளை, இதயம், கல்லீரல், இரத்தக் குழாய்ச் சுவர் என்று எங்கும் வைரஸ் பரவும்.

வெவ்வேறு குடும்பத்தில் பிறந்த இரண்டு வைரஸ்கள், தனித்தனியாக, ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. சாதுவாக இருப்பது கொடியதாக மாறுவதும் இரண்டிலும் இந்த இடத்தில்தான். 1998-இல் ஆஸ்திரேலியாவில் வந்த ராணிக்கெட் கொள்ளை வெளியிலிருந்து வந்ததன்று. அந்த நாட்டுக் கோழிகளிலேயே சாதுவாகத் திரிந்த வைரஸ், வெட்டிடத்தில் ஏற்பட்ட சில்லறை மாற்றங்களால் கொடியதானது. எச்5, எச்7 வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ்களும் காட்டுப் பறவைகளிடமிருந்து சாதுவாக வந்து, நெருக்கியடைத்த கோழிப் பண்ணைகளில் அந்த அமினோ அமில வரிசையைப் பெறுகின்றன. ஊர்க்கோழியின் முற்றத்தில் இரண்டு நோயும் ஒன்றுபோல் தெரிவது தற்செயல் அல்ல. கொல்லும் முறையே ஒன்று.

வேறுபாடு வைரஸ் தன் மரபுச் செய்தியை வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ராணிக்கெட்டின் ஆர்.என்.ஏ. சுமார் 15,000 எழுத்துகள் கொண்ட ஒரே இழை. இன்ஃப்ளுயன்சாவிடம் சுமார் 13,500 எழுத்துகள், எட்டுத் துண்டுகளாக. ஒன்று தைத்துக் கட்டிய கணக்குப் புத்தகம், மற்றது எட்டுத் தனித்தாள். இரண்டு இன்ஃப்ளுயன்சா வைரஸ்கள் ஒரே உயிரணுவில் நுழைந்தால் தாள்கள் மாறிப் போகும். 1957-இல் மனிதரிடம் புகுந்த பெருந்தொற்று வைரஸ் பறவை வைரஸின் மூன்று துண்டுகளைப் பெற்றிருந்தது. 1968-இல் வந்தது இரண்டைப் பெற்றிருந்தது. பறவைகளில் மட்டும் இன்ஃப்ளுயன்சாவின் 'எச்' புரதம் 16-க்கும் மேற்பட்ட வகைகளில் சுற்றுகிறது. ராணிக்கெட் வைரஸிலும் மரபு வேறுபாடுகள் உண்டு, ஆனால் எதிர்ப்பு சக்தியின் கண்ணுக்கு அது ஒரே வகைதான்.

இதன் பலனை நாம் எண்பது ஆண்டுகளாக அனுபவித்து வருகிறோம். ராணிக்கெட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத முக்தேஸ்வரில், இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1940-களில் கொடிய வைரஸைக் கோழிக்கருவில் திரும்பத் திரும்ப வளர்த்துச் சாதுவாக்கினார்கள். அந்த ஆர்2பி தடுப்பூசி இன்றும் கோழியைச் சாவிலிருந்து காக்கிறது. நம் பக்கத்து ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் கழிச்சல் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. குஞ்சுக்கு முதல் வாரம் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரமானதும் ஊசி. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் போடுகிறது. சிறுவிடையோ பெருவிடையோ நாலைந்து வளர்க்கும் வீட்டுக்கு இது ஒரு பைசா செலவில்லாத காப்பு.

பறவைக் காய்ச்சலுக்கு அப்படி நீடித்த ஊசி இல்லை. 'எச்' புரதம் மாறிக்கொண்டே போக, ஊசியும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சீனா பல ஆண்டுகளாகவும், பிரான்ஸ் 2023 அக்டோபர் முதல் தன் வாத்துகளுக்கும் ஊசி போடுகின்றன. இந்தியா கொடிய பறவைக் காய்ச்சலுக்குக் கோழிகளுக்கு ஊசி போடுவதில்லை. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பறவைகளை எல்லாம் அழித்து, பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பதே வழி. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் முதன்முதலாக அது நடந்தது. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளுக்கு நடந்தது. 2025 தொடக்கத்தில் ஆந்திரத்துக் கோதாவரி மாவட்டங்களில் நடந்தது.

வாத்தைப் பற்றி நின்று பேச வேண்டும். அறுவடை முடிந்த வயல்களில் ஆரணி வாத்துகளை ஓட்டிவந்து பட்டி போடும் மேய்ச்சல்காரர்கள் நம் வட்டாரத்துக்குப் பழக்கமானவர்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று வாத்துகள் ஊர் ஊராகப் போகும். கிழக்கே மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஈரநிலம் 2024-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வாத்துகள் வயல்களில் மேயும் அதே மாதங்களில் அங்கே வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்திறங்கியிருக்கும். இரண்டு வைரஸையும் வாத்துகள் பெரிதாக நோய்வாய்ப்படாமல் சுமக்க வல்லவை. வைரஸின் ஆர்.என்.ஏ.யை உயிரணுவுக்குள் மோப்பம் பிடித்து எச்சரிக்கும் ரிக்-ஐ என்ற மரபணு வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை. வாத்து தப்பிப்பதற்கு இது ஒரு காரணம். பட்டி போட்ட வயலில் மறுநாள் கோழி மேய்கிறது. இதற்காக வாத்துக்காரரைக் குற்றவாளியாக்குவது அநியாயம். வாத்துப் பட்டியும் கோழிக்கூண்டும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பயன்தரும்.

இனி மனிதரிடம் வருவோம். இங்கேதான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. ராணிக்கெட் வைரஸ் மனிதருக்குத் தொற்றும் என்பதை 1943-இல் மெக்ஃபார்லேன் பர்னெட் பதிவு செய்தார். ஆய்வகத்தில் வேலை செய்த ஒருவருக்குக் கண் சிவந்தது, சில நாளில் ஆறியது. இன்றும் பொதுவாக அவ்வளவுதான். பறவையின் இன்டர்ஃபெரான் எதிர்ப்பை முடக்க அது வைத்திருக்கும் 'வி' புரதம் மனித உடலில் வேலை செய்வதில்லை. இங்கே அது நிராயுதபாணி.

எச்5என்1 அப்படியன்று. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வந்தவர்கள் 900-க்கும் மேல், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். லேசாக வந்து போனவை கணக்கில் வராமல் விடுபட்டிருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் பயங்கரமான எண் அது. இந்தியாவில் 2021 ஜூலையில் டெல்லியில் ஒரு சிறுவன், 2025 மார்ச்சில் ஆந்திரத்து நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தை பச்சைக் கோழிக்கறித் துண்டைத் தின்றிருந்தது.

ஆனாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு அது எளிதாகப் பரவவில்லை. சயாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணையும் கோணம் பறவைக் குடலில் ஒரு விதம், நம் மூக்கிலும் தொண்டையிலும் வேறு விதம். பறவை வைரஸ் பழகியது முதல் விதத்துக்கு. அந்த வகை நம் நுரையீரலின் அடியாழத்தில்தான் அதிகம். அதனால் எளிதில் தொற்றாது, தொற்றினால் கொல்லும் நிமோனியாவாகிறது, இருமலில் எளிதாக வெளியே வராது. இரண்டாவது தடை உட்கருவுக்குள். வைரஸைப் பிரதியெடுக்கும் இயந்திரம் உயிரணுவின் ஏஎன்பி32ஏ என்ற புரதத்தைத் துணைக்கு அழைக்கிறது. பறவையின் புரதத்தில் 33 அமினோ அமிலங்கள் கூடுதல், நம்முடையது குட்டை. வைரஸின் பிபி2 புரதத்தில் 627-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே இந்தத் தடை தளர்ந்துவிடும். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்குள் புகுந்த எச்5என்1, மாட்டு மடியில் இரண்டு விதச் சயாலிக் அமிலத்தையும் கண்டது. பாலூட்டிகளுக்குள் அதற்குக் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு பயிற்சி.

இப்போது வல்லத்து வாசலுக்கு வருகிறேன். கழிச்சல் என்று முடிவுகட்டிய வீட்டில் நடப்பது நமக்குத் தெரியும். சாகும் முன் அறுத்துக் குழம்பு வைப்பார்கள், அல்லது நன்றாக நிற்பவற்றைச் சந்தைக்கு அனுப்புவார்கள், செத்ததை ஏரிக்கரையில் எறிவார்கள். வறுமையும் சிக்கனமும் கற்றுத் தந்த பழக்கம் அது, பழிப்பதற்கில்லை. கழிச்சலாக இருந்தால் நோய் பக்கத்து ஊருக்குப் போகும், அவ்வளவே. காய்ச்சலாக இருந்தால் வெந்த குழம்பில் ஆபத்தில்லை, கொதிக்கும் சூட்டில் வைரஸ் செத்துவிடும். ஆபத்து அறுப்பவரின் கையிலும், இறகு பிடுங்குபவரின் மூச்சிலும், பக்கத்தில் குந்தியிருக்கும் குழந்தையிடமும்.

கழிச்சல் ஊசியின் இன்னொரு பெரும்பயன் இங்கேதான் எனக்குத் தெரிகிறது. ஊசி போடாத ஊரில் பத்துக் கோழி செத்தால் அது செய்தியே ஆகாது, வருடா வருடம் சாவதுதான். ஊரே ஊசி போட்டிருக்கும்போது பத்துக் கோழி ஒரே நாளில் செத்தால் யாரும் அதைச் சாதாரணமாக விட மாட்டார்கள், மருந்தகத்துக்குத் தகவல் போகும். தகவல் சொன்னவரின் கோழிகளை அழிக்க நேர்ந்தால் இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும். அது தாமதமானால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தகவல் போனால் மருத்துவர் செத்த கோழியின் தொண்டையிலும் எச்சத்துளையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பனிக்கட்டியில் வைப்பார். சந்தேகம் வலுத்தால் அது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் அந்தப் பழைய குணத்தை எந்த எதிர்ப்புப் புரதம் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். மரபுச் செய்தியைப் படித்து வெட்டிடத்தில் எத்தனை ஆர்ஜினின், எத்தனை லைசின் என்று எண்ணுவார்கள். ராணிக்கெட் என்று பதில் வந்தால், ஊரில் மிச்சமிருக்கும் கோழிகளுக்கெல்லாம் ஊசி போட ஆட்கள் வருவார்கள். எச்5 என்று வந்தால், அதே கோழிகளை அழித்துக் குழியில் புதைக்க முழுக்கவச உடையணிந்த ஆட்கள் வருவார்கள்.