கொழும்புக்கு முன்னும் பின்னும்: ஹோவர்ட் தெர்மன் ஆவணங்கள் காட்டும் ஒரு சிந்தனையின் வரலாறு

முன்னுரை

ஹோவர்ட் தெர்மன் (1899–1981) அமெரிக்கக் கறுப்பினக் கிறித்தவச் சிந்தனையாளருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். பாப்டிஸ்ட் சபையின் போதகர்; வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர்; 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் பல இனத்தாரும் ஒருங்கே வழிபடும் திருச்சபையைத் தொடங்கியவர்களுள் ஒருவர்; 1953 முதல் 1965 வரை பாஸ்டன் பல்கலைக்கழக மார்ஷ் சிற்றாலயத்தின் டீன். 1949இல் வெளிவந்த 'இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்' என்ற அவருடைய சிறுநூல், மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்ட குடிசார் உரிமைப் போராட்டத் தலைவர்களின் சிந்தனையில் ஆழமாக வேரூன்றியது.

இந்நூலின் தோற்றத்துக்கு ஒரு கதை வழங்கி வருகிறது. 1935இல் கொழும்புச் சட்டக் கல்லூரியில் தெர்மன் உரையாற்றியபின் ஒருவர் அவரைக் கேள்வியால் மடக்கினார்: உம் முன்னோரை அடிமைப்படுத்தி விற்றவர்கள் கிறித்தவர்கள், அந்தச் சமயத்தின் தூதராக இங்கே வந்து நிற்கலாமா? அதற்கான விடைதான் இந்நூல் என்பது பரவலான கருத்து. தெர்மனே நூலின் தொடக்கத்திலும், 1979இல் எழுதிய தன்வரலாற்றிலும் இந்நிகழ்வை முன்னிறுத்தியுள்ளார். அவருடைய தாள்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் இக்கதை பாதி உண்மையே என்பது விளங்கும்.

ஆவணத் திரள்

தெர்மனின் கடிதங்கள், உரைக் குறிப்புகள், பிரசங்கங்கள் முதலியன பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காட்லீப் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவருடைய குரல் பதிவுகளை அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தின் பிட்ஸ் இறையியல் நூலகம் எண்மமாக்கியிருக்கிறது. வால்டர் ஃப்ளூக்கர் தலைமையிலான பதிப்புக் குழு இத்தாள்களிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை 2009 முதல் 2019 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. தென் கரோலினா பல்கலைக்கழகப் பதிப்பகம் அச்சிட்டது. தெர்மனின் மனைவி சூ பெய்லி தெர்மனும் ஆவணப் பாதுகாப்பில் பெரும் ஈடுபாடு கொண்டவர். கறுப்பினப் பெண்களுக்கான இதழொன்றின் நிறுவன ஆசிரியர்.

முதல் தொகுதி 1918 ஜூனில் தொடங்கி 1936 மார்ச்சில் முடிகிறது. தொடக்கத்தில் நிற்பது, பள்ளி மாணவரான தெர்மன் தம் எதிர்காலம் குறித்து ஆலோசனை கேட்டு மார்டெகாய் ஜான்சனுக்கு எழுதிய கடிதம். பின்னாளில் ஹோவர்ட் பல்கலைக்கழகத் தலைவரான ஜான்சனே 1932இல் தெர்மனை ஆசிரியப் பணிக்கு அழைத்துக்கொண்டார். தொகுதி முடியும் இடம், கொழும்பையும் உள்ளடக்கிய இந்தியப் பயணம். பலரும் புதிய தொடக்கம் என்று கருதும் பயணத்தைப் பதிப்பாசிரியர்கள் உருவாக்கக் காலத்தின் முடிவாக வைத்திருக்கிறார்கள். இப்பகுப்பு தற்செயலானதன்று என்பதற்கு ஆவணங்களே சான்று.

பயணத்துக்கு முந்திய விடை

தெர்மன் 1935இன் இலையுதிர் காலத்தில்தான் இலங்கைக்குக் கப்பலேறினார். அதே ஆண்டுக் கோடையில் 'ரிலிஜன் இன் லைஃப்' இதழில் அவருடைய கட்டுரையொன்று வெளிவந்துவிட்டது. வசதி மறுக்கப்பட்டோர்க்கான நற்செய்தி எது என்பதே அதன் பொருள். பாஸ்டன் பல்கலைக்கழக இறையியல் பள்ளியின் பிரசங்கியார் மாநாட்டில் ஆற்றிய உரையிலிருந்து உருவானது. இயேசு ஏழை, ரோமப் பேரரசின்கீழ் ஒடுக்கப்பட்ட யூத இனத்தவர், ரோமக் குடியுரிமை இல்லாதவர். பவுலோ அக்குடியுரிமை பெற்றிருந்தவர். 1949 நூலின் அச்சாணியான இவ்வேறுபாடு அக்கட்டுரையிலேயே இருக்கிறது. நூலின் முன்னுரையும் அக்கட்டுரையைத் தன் முதல் வடிவமாக ஒப்புக்கொள்கிறது.

இதன் வேர் இன்னும் பழையது. அடிமையாகப் பிறந்த பாட்டி நான்சி அம்ப்ரோஸுக்குச் சிறுவன் தெர்மன் வேதம் வாசித்துக் காட்டுவான். பவுலின் நிருபங்களை, அன்பைப் பற்றிய ஓர் அதிகாரம் நீங்கலாக, அவர் வாசிக்க விடமாட்டார். எசமானின் போதகர் அடிமைகளுக்குக் கீழ்ப்படிதலைப் போதிக்க அந்நிருபங்களையே எடுத்தாண்டார் என்பது அவர் சொன்ன காரணம். குடும்பத்துக்குள் நிலவிய இந்தத் தீர்ப்பை இறையியல் வாதமாக்கியதே 1935 கட்டுரையின் சாதனை. ஆகவே கொழும்பில் எழுந்த கேள்விக்குரிய விடையின் கரு, கேள்வி எழுமுன்பே அச்சேறியிருந்தது.

பயணம் சேர்த்தது

அப்படியானால் பயணத்தின் பங்கு என்ன? இந்தியா, பர்மா, இலங்கை மாணவர் கிறித்தவ இயக்கத்தின் அழைப்பின்பேரில் தெர்மன் தம்பதியரும் கேரல் தம்பதியரும் நால்வர் குழுவாக வந்தனர். அழைப்பை ஏற்கத் தெர்மன் முதலில் தயங்கினார். கறுப்பரை விலக்கி வைக்கும் அமெரிக்கக் கிறித்தவத்துக்காக வாதாடுபவராகத் தாம் ஆகிவிடக்கூடாதே என்பது அவர் கவலை. கொழும்புக் கேள்வி இந்தக் கவலையை வெளியிலிருந்து ஒருவர் உரக்கச் சொன்னதற்கு ஒப்பாகும்.

1936 பிப்ரவரியில் பர்தோலியில் குழுவினர் காந்தியைக் கண்டனர். அடிமைமுறை, வாக்குரிமை என்று காந்தி துருவித் துருவிக் கேட்டார். என் சகோதரனைக் கண்ணெதிரே கும்பல் அடித்துக் கொன்றால் நான் என்ன செய்வது என்று சூ பெய்லி கேட்டார். அகிம்சை தன் கலப்பற்ற வடிவில் கறுப்பின மக்கள் வழியாகவே உலகை எட்டக்கூடும் என்ற கருத்தைக் காந்தி கூறினார். காந்தியின் செயலர் மகாதேவ் தேசாய் எழுதிய இச்சந்திப்பின் பதிவு மார்ச் 14ஆம் நாள் 'ஹரிஜன்' இதழில் வந்தது. பல்லாண்டு கழித்து எழுதப்பட்ட தன்வரலாற்றை இந்த உடனடிப் பதிவோடு ஒப்பிட முடிவது ஆய்வாளர்க்குப் பெரிய வாய்ப்பு.

முடிவுரை

பயணம் முடிந்தும் நூல் உடனே வரவில்லை. 1948இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினிலுள்ள சாமுவேல் ஹூஸ்டன் கல்லூரியில் ஆற்றிய சொற்பொழிவுகளில்தான் அது முழு உருப்பெற்றது. மறு ஆண்டு நூலாயிற்று. அச்சம், வஞ்சனை, வெறுப்பு, அன்பு என அமைந்த அதன் இயல்களில் ஒடுக்கப்பட்டவரின் மனப்பயிற்சி குறித்த வினாவே மேலோங்கியிருக்கிறது. பர்தோலி உரையாடலும் அதே வினாவைச் சுற்றித்தான் நடந்தது.

எனவே இந்நூலை ஆசியப் பயணத்தின் விளைவாக மட்டும் காண்பது, பாட்டியின் நினைவிலும் அமெரிக்க இறையியல் மேடைகளிலும் முன்னரே வளர்ந்திருந்த கறுப்பினச் சிந்தனை மரபை மறைத்துவிடும். பயணத்தை ஒதுக்கிவிட்டாலோ, உள்ளூர் மரபொன்று உலகளாவிய வாதமாக விரிந்ததற்குக் காரணம் கிட்டாது. தெர்மன் தாமே சொன்ன கதையைத் திருத்தும் சான்றுகளும் அவர் தாள்களிலும் முன்னுரையிலுமே உள்ளன. தன்வரலாறுகளை மட்டும் நம்பி அறிவுலக வரலாறு எழுதுவோர் கருத்தில் கொள்ளவேண்டிய நெறி இது.