தங்கவயல் வீடுகளின் சூதக மருந்துகள்

சூதகவலி, பெரும்பாடு எனப்படும் மிகு உதிரப்போக்கு, மாதவிடாய் நிற்கும் பருவத்துத் திடீர் உடற்சூடு ஆகிய மூன்றுக்கும் தமிழ் மருத்துவம் தனித்தனி வழி கண்டது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கம் தோண்டக் கோலார் தங்கவயலில் இறங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் கைவைத்தியமும் அந்த மரபின் கிளையே. அதில் பெரும்பகுதி அஞ்சறைப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களி, மருந்து என்பதைவிட ஊட்டமான உணவு. வலிக்குக் கைகொடுப்பவை பெருங்காயம், ஓமம், வெந்தயம், சுக்கு. இவற்றுள் ஆய்வின் துணை அதிகம் உள்ளது சுக்குக்கே. ஈரானிய மாணவியரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வொன்றில், 250 மில்லிகிராம் இஞ்சித்தூள் நாளுக்கு நான்கு வேளையாக மூன்று நாள் தரப்பட்டது. வலியைத் தணிப்பதில் அது மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் ஆகிய வலிநிவாரணிகளுக்கு ஈடாக நின்றது. கருப்பையை இறுக்கிச் சுருக்கும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பை இஞ்சி குறைப்பதே காரணம் எனக் கருதப்படுகிறது.

பெரும்பாட்டுக்கு அசோகப்பட்டைக் கஷாயமும் அசோகாரிஷ்டமும் பேர்போனவை. சிக்கலும் இங்கேதான். மெய்யான அசோகு அருகிவரும் மரம். தெருவோரம் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் பட்டை அதன் பெயரில் கடைக்கு வருவதுண்டு. சுரங்கம் 2001-இல் மூடியபின் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பட்டையைக் காய்ச்சி வடிக்க நேரமேது? அந்த இடத்தைப் புட்டி மருந்து பிடித்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் பட்டை எது என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. மாதந்தோறும் மிகையாகப் போகும் உதிரம் இரும்புச்சத்தையும் கொண்டுபோகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. ஆகவே பட்டைக்கு முன்னால் ஹீமோகுளோபின் பரிசோதனை வர வேண்டும். கருப்பைக் கட்டி, தைராய்டுக் கோளாறு போன்ற காரணங்களைக் கஷாயம் காட்டிக்கொடுக்காது.

மாதவிடாய் நிற்கும் பருவத்துக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு பாலில் தரப்படுகிறது. அதன் பயனுக்கு உறுதியான சான்று குறைவு. மேனாட்டார் நாடும் கருப்புக் கோஹோஷ் வேரின் நிலையும் அதுவே. 2012-இல் காக்ரேன் குழு 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தும் முடிவு சொல்லப் போதிய சான்று கிட்டவில்லை. அந்த வேரால் அரிதாக ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் பட்டால் அது கருப்பைப் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்போது மூலிகைக்கு இடமில்லை, ஸ்கேனும் திசுப் பரிசோதனையுமே செய்யப்படுகின்றன.